மஞ்சள் நோட்டீஸ், ஐ.பி., திவால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் வக்கீல் இல்லை, வக்கீல் குமாஸ்தா. கொங்குப் பக்கம் ஒரு சப் கோர்ட்டுக்கு எதிரே இருக்கிற ஆபீஸில் பல வருடமாகக் கேஸ் கட்டு தூக்குகிறேன். கடன் தொல்லையோடு வருகிறவர்கள் வக்கீல் முன்னால் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு, வெளியே வந்து டீக்கடையில் என்னைப் பிடித்துக் கேட்கிற கேள்விகள்தான் இவை. அதே பதிலை நூறு தடவை சொல்லி வாய் வலித்துவிட்டது, அதனால் எழுதி வைக்கிறேன். சட்டம் என்ன சொல்கிறது என்பது இதில் இருக்கும். உங்கள் கேஸில் என்ன செய்வது என்பதை உங்கள் காகிதங்களைப் பார்க்கிற வக்கீல்தான் சொல்ல வேண்டும்.

ஒரு சொல் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். நம் ஊரில் கடன் கொடுத்தவனும் கடன்காரன், வாங்கியவனும் கடன்காரன். ஆகவே கீழே "கொடுத்தவர்", "வாங்கியவர்" என்றே எழுதுகிறேன்.

1. மஞ்சள் நோட்டீஸ்ங்கிறதும் ஐ.பி.ங்கிறதும் ஒண்ணுதானுங்களா?

பேச்சு வழக்கில் ஒன்றுதான், சட்டத்தில் இல்லை. ஐ.பி. என்பது இன்சால்வென்சி பெட்டிஷன், அதாவது "என்னால் கடனைக் கட்ட முடியவில்லை, என்னை நொடித்தவன் என்று அறிவியுங்கள்" என்று கோர்ட்டில் போடுகிற மனு. அந்தக் காலத்தில் நோட்டீஸ் மஞ்சள் தாளில் வந்ததால் மஞ்சள் நோட்டீஸ், மஞ்சக் கடுதாசி என்று பெயர் வந்தது என்பார்கள்.

இப்போது பலர் செய்வது வேறு. வக்கீலை வைத்து "என் கட்சிக்காரர் நொடித்துவிட்டார், இனி பணம் கேட்டு வராதீர்கள்" என்று எல்லோருக்கும் ஒரு ரிஜிஸ்டர் தபால் அனுப்பிவிட்டு, ஐ.பி. கொடுத்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். அந்தத் தபாலால் உங்களுக்கு எந்தப் பாதுகாப்பும் வராது. உண்மையில் அது உங்களுக்கு எதிராகவே திரும்பக்கூடியது, எப்படி என்று 5ஆம் கேள்வியில் சொல்கிறேன்.

2. 2016ல புதுசா திவால் சட்டம் வந்துச்சே, அப்புறம் எதுக்கு வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம்?

நியாயமான கேள்வி. 2016இல் வந்த நொடிப்பு மற்றும் திவால் சட்டத்தில் தனி ஆட்களுக்கென்று ஒரு பாகமே இருக்கிறது. ஆனால் கம்பெனிக் கடனுக்குச் சொந்தப் பொறுப்பில் ஜாமீன் போட்டவர்களுக்கு மட்டும்தான் அதை 2019 டிசம்பர் 1 முதல் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். மற்ற தனி ஆட்களுக்கு அந்தப் பாகம் இன்னும் காகிதத்தில்தான். சின்னக் கடனாளிகளுக்கு "புதுத் தொடக்கம்" என்று ஒரு வழிகூட அதில் எழுதியிருக்கிறது: ஆண்டு வருமானம் 60,000 ரூபாய், சொத்து 20,000, கடன் 35,000, இவற்றுக்கு மேல் போகாமல் சொந்த வீடும் இல்லாதவருக்கு. அதுவும் அமலில் இல்லை. வந்தாலும் 35,000 ரூபாயோடு நிற்கிற கடனாளியை நான் இதுவரை பார்த்ததில்லை.

ஆகவே கடைக்காரர், தறி வைத்திருப்பவர், சம்பளக்காரர் எல்லோருக்கும் பழைய சட்டம்தான். சென்னை நகரத்துக்கு 1909ஆம் ஆண்டுச் சட்டம், மற்ற ஊர்களுக்கு 1920ஆம் ஆண்டு மாகாண நொடிப்புச் சட்டம். இந்தப் பக்கத்தில் பெரும்பாலும் 1920 சட்டத்தைப் பற்றித்தான் பேசுகிறேன். நீங்கள் கம்பெனி லோனுக்குக் கையெழுத்துப் போட்ட டைரக்டர் என்றால் உங்கள் பாதை வேறு. அது பொதுவாகத் தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போகும், இங்கே சொல்கிற பல விஷயங்கள் உங்களுக்குப் பொருந்தாது.

3. எவ்வளவு கடன் இருந்தா ஐ.பி. போடலாம்?

சிரிக்காதீர்கள்: 500 ரூபாய். 1920இல் அது பெரிய தொகை, யாரும் அதை மாற்றவில்லை. கடன் 500 ரூபாய் இல்லாவிட்டாலும், பண டிக்ரிக்காக (பணத்தைக் கட்டச் சொல்லும் கோர்ட்டுத் தீர்ப்பு) உங்களைக் கைது செய்திருந்தால் அல்லது உங்கள் சொத்து ஜப்தியில் இருந்தால் போடலாம்.

உண்மையான நிபந்தனை தொகையில் இல்லை, "கட்ட முடியவில்லை" என்பதில் இருக்கிறது. 40 லட்சம் கடன், ஆனால் பைபாஸ் ஓரம் ஒரு கோடிக்கு நிலம் இருக்கிறது என்றால், விற்றுக் கட்டேன் என்றுதான் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார், நீதிபதியும் கேட்பார். மனு போடுகிறவர் வாங்கியவராகவே இருந்தால் மேலோட்டமாக நம்பத்தகுந்த காரணம் காட்டினால் போதும் என்று சட்டத்தில் ஒரு சலுகை உண்டு. ஆனாலும் கணக்கு இடிக்கக் கூடாது.

4. எந்தக் கோர்ட்டுல போடணும், என்னென்ன எழுதணும்?

நீங்கள் வழக்கமாகக் குடியிருக்கிற, தொழில் செய்கிற இடத்தின் கோர்ட்டு. சட்டப்படி மாவட்ட நீதிமன்றம், நடைமுறையில் அதிகாரம் கொடுக்கப்பட்ட சப் கோர்ட்டுகளில் நடக்கிறது. சென்னை நகரம் என்றால் ஹைகோர்ட்டு, அங்கே சொத்தைக் கையில் எடுப்பவர் அபிஷியல் அசைனி. மற்ற மாவட்டங்களில் அபிஷியல் ரிசீவர்.

மனுவில் இரண்டு பட்டியல்கள்தான் உயிர். ஒன்று, யாருக்கு எவ்வளவு தர வேண்டும், அவர் பெயர், விலாசம். இரண்டு, உங்களிடம் என்ன இருக்கிறது, எங்கே இருக்கிறது, என்ன மதிப்பு. இதோடு அந்தச் சொத்தையெல்லாம் கோர்ட்டின் கையில் ஒப்படைக்கச் சம்மதம், இதற்கு முன் எப்போதாவது ஐ.பி. போட்டீர்களா என்பதும் எழுத வேண்டும். இரண்டாவது பட்டியலை எழுதும்போதுதான் எல்லோருக்கும் கை நடுங்கும். "அந்த 3 சென்ட் எங்க அம்மா வழியில வந்தது, அதையும் எழுதணுமா" என்பார்கள். உங்கள் பெயரில் பங்கு இருந்தால் எழுதத்தான் வேண்டும். வேண்டுமென்றே மறைத்தால் ஒரு வருடம் வரை சிறை என்று அதே சட்டத்தில் தண்டனை இருக்கிறது. நான் பார்த்தவரை மனு தள்ளுபடியாவது கடன் குறைவு என்பதால் இல்லை, இந்தப் பட்டியல் பொய் என்று குறுக்கு விசாரணையில் தெரிந்துவிடுவதால்தான்.

5. நான் போடாம இருந்தாலும் பணம் குடுத்தவங்க என் மேல ஐ.பி. போட முடியுமா?

முடியும். அதற்கு நீங்கள் "நொடிப்புச் செயல்" என்று சட்டம் சொல்கிற ஏதாவது ஒன்றைச் செய்திருக்க வேண்டும், அது நடந்து மூன்று மாதத்துக்குள் அவர்கள் மனு போட வேண்டும். அவர்களை ஏமாற்றவோ இழுத்தடிக்கவோ சொத்தைக் கைமாற்றுவது, அதே நோக்கத்தோடு வீட்டைப் பூட்டிக்கொண்டு தலைமறைவாவது, பண டிக்ரியில் சொத்து ஏலம் போவது இதெல்லாம் நொடிப்புச் செயல்.

"கடன் கட்டுவதை நிறுத்திவிட்டேன்" என்று கொடுத்தவரில் யாராவது ஒருவருக்கு நோட்டீஸ் கொடுப்பதும் இதே பட்டியலில் இருக்கிறது. முதல் கேள்வியில் சொன்ன தபால் உங்களுக்கு எதிராகத் திரும்புவது இப்படித்தான். வக்கீல் ஃபீஸ் கொடுத்து, எதிராளிக்கு நீங்களே சாட்சி தயார் செய்து கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

6. மனுவைப் போட்ட அன்னைக்கே வீட்டுக்கு வர்றது, போன் பண்றது எல்லாம் நின்னுடுமா?

நிற்காது. மனு போட்டதும் கோர்ட்டு நம்பர் கொடுக்கும், கொடுத்தவர்களுக்கு நோட்டீஸ் போகும், அவர்கள் வந்து ஆட்சேபிப்பார்கள், விசாரணை நடக்கும். அதன் முடிவில் "இவர் நொடித்தவர்" என்று உத்தரவு வந்த பிறகுதான் சொத்து முழுவதும் கோர்ட்டு அல்லது ரிசீவர் கைக்குப் போகிறது, கோர்ட்டு அனுமதி இல்லாமல் யாரும் பணத்துக்காகப் புது வழக்குப் போட முடியாமல் ஆகிறது. நடக்கிற வழக்குகளையும் அந்த உத்தரவைக் காட்டி நிறுத்தி வைக்கலாம். உத்தரவு எப்போது வந்தாலும் மனு போட்ட தேதியிலிருந்து நடைமுறைக்கு வந்ததாகக் கணக்கு, அதனால் தேதி முக்கியம். சொத்து ஏலத்துக்கு நிற்கிறது என்றால், ஐ.பி. மனு ஏற்கப்பட்டதை ஏலம் நடத்தும் கோர்ட்டுக்கு ஏலத்துக்கு முன்பே தெரிவித்து, சொத்தை ரிசீவரிடம் ஒப்படைக்கக் கேட்க வேண்டும். ஏலம் முடிந்த பிறகு ஓடி வராதீர்கள்.

மிரட்டல் வேறு விஷயம், அதற்கு ஐ.பி. மருந்தில்லை. வங்கி, நிதி நிறுவன வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் கூப்பிடக் கூடாது என்று 2022இல் ரிசர்வ் வங்கி தெளிவாகவே சொல்லியிருக்கிறது. மீட்டர் வட்டி, கந்துவட்டி, தண்டல் பேர்வழிகளுக்கு 2003ஆம் ஆண்டு தமிழ்நாடு அதீத வட்டி தடைச் சட்டம் இருக்கிறது, மூன்று வருடம் வரை சிறை. போலீசில் எழுத்தாகப் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். ராத்திரி தூக்கம் வராமல் விபரீதமான யோசனை ஓடுகிறது என்றால் எந்த மனுவுக்கும் முன்னால் 14416க்குப் போன் செய்யுங்கள். மனநல உதவி எண் அது, இலவசம். இதை இங்கே எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது, சொல்ல விரும்பவில்லை.

7. கடன் கட்டலைன்னா ஜெயில்ல போட்டுடுவாங்களா?

கட்ட முடியாமல் போனதற்காக மட்டும் போட முடியாது. கொடுத்தவர் வழக்குப் போட்டு, டிக்ரி வாங்கி, பிறகு நிறைவேற்று மனுவில் சிவில் சிறை கேட்கலாம், அது உண்மை. ஆனால் 1980இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது: வறுமை குற்றமாகாது, வசதி இருந்தும் கெட்ட எண்ணத்தில் ஏமாற்றினால்தான் சிறை. அப்படிப் போனாலும் 5,000 ரூபாய்க்கு மேற்பட்ட டிக்ரிக்கு அதிகபட்சம் மூன்று மாதம். பண டிக்ரிக்காகப் பெண்களைக் கைது செய்யவே முடியாது, இதை வீட்டுப் பெண்களுக்குச் சொல்லி வையுங்கள். அவர்களைத்தான் வசூல் ஆட்கள் அதிகம் பயமுறுத்துகிறார்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. கோர்ட்டு ஊழியரான அமீனா கைது செய்து கோர்ட்டுக்குக் கொண்டுவந்தால், "நீ ஐ.பி. போடலாம்" என்று வாங்கியவரிடம் கோர்ட்டே சொல்ல வேண்டும் என்று சிவில் நடைமுறைச் சட்டத்தில் இருக்கிறது. ஒரு மாதத்துக்குள் மனு போடுவதாக ஜாமீன் கொடுத்தால் விட்டுவிடலாம். ஐ.பி. போட்டு நொடித்தவர் என்று உத்தரவான பிறகு, கைதாகாமல் இருக்கப் பாதுகாப்பு உத்தரவு தனியாகக் கேட்க வேண்டும். தானாக வராது.

8. செக் பவுன்ஸ் கேஸ் நடக்குது, ஐ.பி. போட்டா அது நின்னுடும்னு சொன்னாங்களே?

சொன்னவர் யார் என்று தெரிந்தால் நன்றாக இருக்கும், ஊர் முழுக்க இதே பேச்சு. நிற்காது. போன கேள்வியில் சொன்னதெல்லாம் சிவில் கடன். செக் கேஸ் கிரிமினல் பக்கம் வருகிறது: இரண்டு வருடம் வரை சிறை, அல்லது செக் தொகையைப் போல் இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். கேஸ் நடக்கும்போதே தொகையில் 20 சதவீதம் வரை இடைக்கால இழப்பீடு கட்டச் சொல்லவும் மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் உண்டு. ஐ.பி. நம்பரைக் காட்டிவிட்டு வாய்தாவுக்குப் போகாமல் இருந்தால் வாரண்ட் வரும், அவ்வளவுதான். கடன் தொல்லையில் முதலில் முடிக்க வேண்டியது செக் கேஸ்கள் என்பது என் அபிப்பிராயம். சமரசம் பேசி முடிக்க அந்தச் சட்டமே இடம் கொடுக்கிறது.

9. வீட்டு லோன் இருக்கு, நகை அடகுல இருக்கு. அதுக்கும் இது பொருந்துமா?

அடமானம் வைத்துக் கொடுத்தவரின் கையை ஐ.பி. கட்டாது. வங்கி 60 நாள் நோட்டீஸ் கொடுத்து 2002ஆம் ஆண்டு சர்ஃபாசி சட்டப்படி வீட்டை எடுக்கலாம், அடகு நகையை முறைப்படி அறிவித்து ஏலம் விடலாம். விற்றும் பாக்கி மிச்சமிருந்தால், அந்தப் பாக்கிக்கு மட்டும் மற்றவர்களோடு வரிசையில் நிற்பார்கள். விவசாய நிலத்தை மட்டும் சர்ஃபாசியில் எடுக்க முடியாது, அதற்கு வங்கி வழக்குப் போட வேண்டும்.

ஆகவே உங்கள் கடனில் முக்கால்வாசி ஒரே வங்கியின் அடமானக் கடன்தான் என்றால் ஐ.பி.யால் பெரிதாக ஒன்றும் நடக்காது. ஐ.பி. பயன்படுவது புரோநோட்டு, கைமாற்று, கிரெடிட் கார்டு, பர்சனல் லோன், சரக்கு பாக்கி என்று பத்துப் பதினைந்து பேர் சுற்றி நிற்கும்போது.

10. எல்லாத்தையும் எடுத்துட்டா நாங்க எங்க போறது? பாத்திரம், தாலி, தறிகூடவா?

எல்லாவற்றையும் எடுக்க மாட்டார்கள். சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60ஆவது பிரிவில் ஜப்தி செய்யக் கூடாத பொருள்களின் பட்டியல் இருக்கிறது, அவை ஐ.பி.யிலும் ரிசீவர் கைக்குப் போகாது. உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, மத வழக்கப்படி பெண் கழற்றக் கூடாத நகை (தாலி இதில் வரும்), கைத்தொழில் செய்பவரின் கருவிகள், விவசாயி பிழைப்புக்கு வேண்டிய ஏர், மாடு, விதை, விவசாயியும் கூலித் தொழிலாளியும் குடியிருக்கிற சொந்த வீடு, பி.எஃப்., ஆயுள் காப்பீட்டுப் பணம், அரசு பென்ஷன். கூலியாளின் கூலியைத் தொட முடியாது. சம்பளக்காரருக்கு முதல் 1,000 ரூபாயும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் பாதுகாப்பு. 25,000 சம்பளம் என்றால் 17,000 உங்களுக்கு, 8,000 வரைதான் பிடிக்கலாம்.

தறி பற்றித்தான் இங்கே அதிகம் கேட்கிறார்கள். சொந்தக் கையால் நெய்கிறவரின் ஒரு கைத்தறி கருவி என்று வாதாட நன்றாக இடமிருக்கிறது. ஆள் வைத்து ஓட்டுகிற இருபது விசைத்தறியைக் கொண்டுவந்து "இதுவும் என் கருவிதான்" என்றால் கஷ்டம். அதேபோல் "விவசாயி வீடு" என்ற பாதுகாப்பு, மாமனார் தோட்டத்துக்கு வருடத்தில் இரண்டு தடவை போகிற ஜவுளி வியாபாரிக்குக் கிடைக்காது.

11. முன்கூட்டியே வீட்டை வீட்டுக்காரம்மா பேர்ல செட்டில்மெண்ட் எழுதி வெச்சுட்டா தப்பிச்சுக்கலாமுங்களா?

இந்தக் கேள்வி கேட்காத ஆளே இல்லை, கேட்கும்போது எல்லோருக்கும் குரல் தாழ்ந்துவிடும். இரண்டு வருடத்துக்குள் செய்த தானம், செட்டில்மெண்ட், பேருக்கு எழுதிய கிரயம் எல்லாவற்றையும் ரிசீவர் கேட்டு ரத்து செய்யலாம். நல்லெண்ணத்தோடு உண்மையான விலை கொடுத்து வாங்கியவருக்குத்தான் பாதுகாப்பு. இரண்டு வருடம் தாண்டினாலும், கொடுத்தவர்களை ஏமாற்றவே எழுதியது என்று நிரூபித்தால் சொத்துரிமை மாற்றச் சட்டப்படி தனி வழக்குப் போட அவர்களுக்கு வழி உண்டு. வில்லங்கச் சான்று எடுத்தால் பத்து நிமிடத்தில் எல்லாம் வெளியே வந்துவிடும். அது போக, இப்படி எழுதியதே 5ஆம் கேள்வியில் சொன்ன நொடிப்புச் செயல்களில் ஒன்று.

மனைவி தன் சம்பாத்தியத்தில் வாங்கியது, பிறந்த வீட்டுச் சீராக வந்த நகை, நிலம் இவை அவருடையவைதான், உங்கள் கடனுக்குப் போகாது. அவர் எங்காவது கூட்டுக் கையெழுத்துப் போட்டிருந்தால் அது வேறு கதை. ஆதாரத்தை எடுத்து வையுங்கள்.

12. மச்சான் கிட்ட வாங்கின 2 லட்சத்த மட்டும் குடுத்துட்டு அப்புறம் ஐ.பி. போடறேன், தப்பா?

சொந்தத்துக்கு முதலில் கொடுக்க வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் மனுவுக்கு முந்தின மூன்று மாதத்தில் ஒருவரை மட்டும் சலுகையாகக் கவனித்தால், அது சலுகை காட்டியதாக ரத்தாகும். மச்சான் அந்தப் பணத்தை ரிசீவரிடம் திருப்பிக் கட்ட வேண்டி வரும். அப்புறம் அடுத்த தீபாவளிக்கு யார் வீட்டுக்குப் போவீர்கள்?

13. எனக்கு ஜாமீன் போட்டவர் தப்பிச்சுடுவாரா?

மாட்டார். உங்களுக்குக் கடனிலிருந்து முழு விடுதலையே கிடைத்தாலும் ஜாமீன்தாரருக்கும் கூட்டாளிக்கும் அது பொருந்தாது என்று சட்டமே சொல்கிறது. நீங்கள் ஐ.பி. போட்ட மறுநாள் வங்கி அவர் வீட்டுக் கதவைத் தட்டும். கோர்ட்டுத் தாள் மூலம் தெரிந்துகொள்ளும் முன்னால் நீங்களே அவரிடம் போய்ச் சொல்லிவிடுங்கள். உங்களுக்காக அவர் கட்டினால் அவருக்கும் உங்களிடமிருந்து பணம் வரவேண்டும், அதனால் பட்டியலில் அவர் பெயரையும் எழுதச் சொல்லி வக்கீலிடம் கேளுங்கள்.

14. கந்துவட்டிக்காரர் பேரை எழுதணுமா? எழுதினா கொன்னுடுவாரு.

எழுதுங்கள். பட்டியலில் ஒருவரை விட்டால் "மறைத்தான்" என்ற பெயர் உங்களுக்குத்தான் வருகிறது, விட்டுப்போனவர் வெற்று புரோநோட்டை நிரப்பிக்கொண்டு பின்னால் வந்து நிற்பார். வாங்கிய தொகை, இதுவரை கட்டியது, வெற்றுச் செக், கையெழுத்து மட்டும் போட்ட பாண்டு என்னென்ன அவர் கையில் இருக்கிறது என்பதை உள்ளபடி எழுத வேண்டும். அவர் கோர்ட்டுக்கு வந்து தன் கடனை நிரூபிக்க வேண்டும். நூற்றுக்குப் பத்து வட்டி வாங்குகிறவர்கள் கூண்டேறிக் கணக்குச் சொல்ல அவ்வளவு ஆசைப்படுவதில்லை. மிரட்டினால் 6ஆம் கேள்வியின் கடைசிப் பத்தி.

15. "நொடித்தவர்"னு ஆர்டர் வாங்கிட்டேன். கடன் எல்லாம் முடிஞ்சுதுல்ல?

இல்லை. இங்கேதான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். நொடித்தவர் என்ற உத்தரவு பாதி வழி. அந்த உத்தரவிலேயே "இத்தனை மாதத்துக்குள் டிஸ்சார்ஜ், அதாவது விடுவிப்பு, கேட்டு மனு போட வேண்டும்" என்று கெடு கொடுத்திருப்பார்கள். அந்த டிஸ்சார்ஜ் உத்தரவுதான் கடனை முடிக்கிறது. முதல் உத்தரவை வாங்கிய சந்தோஷத்தில் ஆபீஸ் பக்கமே வராமல் போய்விடுவார்கள், வக்கீலுக்குப் பாக்கி ஃபீஸ் இருக்கும், போனையும் எடுக்க மாட்டார்கள். கெடு தாண்டினால் நொடிப்பு உத்தரவே ரத்தாகும், எல்லாக் கடனும் உயிர் பெறும், கோர்ட்டு அனுமதி இல்லாமல் மறுபடி ஐ.பி. போடவும் முடியாது.

டிஸ்சார்ஜும் கேட்டவுடன் கிடைத்துவிடாது. உங்கள் சொத்தை விற்ற பணம் அடமானமில்லாத கடனில் ரூபாய்க்கு எட்டணா, அதாவது பாதிகூடத் தேறவில்லை என்றால் (சட்டத்தில் இன்னும் அணாக் கணக்குதான்) நிபந்தனையற்ற விடுவிப்பு மறுக்கப்படும், அது உங்கள் தவறில்லை என்று நீங்கள் நிரூபித்தால் தவிர. கணக்குப் புத்தகம் இல்லை, நொடித்தது தெரிந்தும் வியாபாரத்தைத் தொடர்ந்தார், சூதாட்டம், ஊதாரிச் செலவு, கண்மூடித்தனமான ஊகவணிகம், இவையும் மறுக்கக் காரணங்கள். ஆன்லைன் ரம்மியில் விட்டவர்கள் இந்த வரியை இரண்டு தடவை படியுங்கள். மறுப்பு என்றால் கதவு முழுக்க மூடியதாக அர்த்தமில்லை, பிற்கால வருமானத்தில் இவ்வளவு கட்டு என்ற நிபந்தனையோடும் விடுவிக்கலாம்.

முழு டிஸ்சார்ஜ் கிடைத்தாலும் சில கடன் போகாது: அரசுக்குத் தர வேண்டியது (வருமான வரி, ஜி.எஸ்.டி. எல்லாம்), மோசடி செய்து வாங்கியது, கோர்ட்டு உத்தரவுப்படி மனைவி மக்களுக்குத் தர வேண்டிய ஜீவனாம்சம்.

16. டிஸ்சார்ஜ் வர்றதுக்குள்ள நான் சம்பாதிச்சா, பாட்டன் சொத்து வந்தா?

அதுவும் ரிசீவருக்குத்தான், 10ஆம் கேள்வியில் சொன்ன விலக்குகள் போக. டிஸ்சார்ஜை இழுத்தடிக்கக் கூடாது என்று நான் தலைப்பாடாக அடித்துக்கொள்வது இதனால்தான். இன்னொரு பொறி: டிஸ்சார்ஜ் ஆகாதவர், தான் அப்படி என்று சொல்லாமல் 50 ரூபாய் அல்லது அதற்கு மேல் கடன் வாங்கினால் ஆறு மாதம் வரை சிறை. ஐம்பதுதான், பூஜ்யம் விட்டுப்போகவில்லை. மளிகைக் கடையில் கடன் சொல்லி வாங்கிய கணக்குக்காக யாரையும் உள்ளே போட்டு நான் பார்த்ததில்லை, ஆனால் புதிதாகச் சரக்குக் கடன் எடுக்கிறவர்கள் ஜாக்கிரதை.

17. வேலை போயிடுமா? எலெக்‌ஷன்ல நிக்கலாமா? சிபில் என்ன ஆகும்?

தனியார் வேலைக்குச் சட்டப்படி தடை இல்லை. அரசு ஊழியர் என்றால் நடத்தை விதிகள்படி துறைக்குத் தெரிவிக்க வேண்டும், மறைப்பதுதான் பெரிய சிக்கலில் மாட்டிவிடும். டிஸ்சார்ஜ் ஆகாதவர் எம்.எல்.ஏ., எம்.பி. ஆக முடியாது, அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. உள்ளாட்சிப் பதவிக்கும் தகுதி இல்லை. கம்பெனி டைரக்டராக இருக்க மனு நிலுவையில் இருந்தாலே தடை. பங்குதாரர் தொழில் என்றால் நொடிப்பு உத்தரவு வந்த அன்றே நீங்கள் பங்குதாரர் இல்லை. சிபில் பற்றிக் கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, இப்போது மட்டும் அது என்ன நிலையில் இருக்கிறது?

18. அப்பா ஐ.பி. போட்டுட்டு நடுவுலயே இறந்துட்டாரு. கடன் எங்க தலையிலயா?

அவர் விட்டுப்போன சொத்து அளவுக்கு மட்டும். மனு அவரோடு சாகாது, சொத்தை விற்றுப் பங்கிடுகிற அளவுக்கு நடவடிக்கை தொடரும். ஆனால் நீங்கள் சம்பாதித்த சொத்தில் கை வைக்க முடியாது. "அப்பன் கடன் பிள்ளைக் கடன்" என்ற பழைய தர்மசாஸ்திரப் பொறுப்பை 2005 செப்டம்பர் 9க்குப் பிறகு வாங்கிய கடன்களுக்கு இந்து வாரிசுரிமைச் சட்டத் திருத்தம் எடுத்துவிட்டது. வசூலுக்கு வருகிறவர் "பெத்தவர் பேரைக் காப்பாத்த வேணாமா" என்று கேட்டுப் புது புரோநோட்டில் கையெழுத்து வாங்கப் பார்ப்பார். போட்டால் அன்றிலிருந்து அது உங்கள் கடன்.

19. மனுவைப் போட்டுட்டு நடுவுல சமரசம் ஆகிட்டா?

கோர்ட்டு அனுமதி இல்லாமல் வாபஸ் வாங்க முடியாது, ஏனென்றால் அது எல்லோருடைய நன்மைக்கும் போட்ட மனு, இரண்டு பேரைச் சரிக்கட்டிவிட்டு ஓட விட மாட்டார்கள். நொடிப்பு உத்தரவுக்குப் பிறகும் சமரசத் திட்டம் கொடுக்கலாம். கடனை நிரூபித்து ஆஜராகிறவர்களில் எண்ணிக்கையில் பெரும்பான்மையும் தொகையில் நான்கில் மூன்று பங்கும் ஒத்துக்கொண்டு, கோர்ட்டும் ஏற்றால் மற்றவர்களையும் அது கட்டுப்படுத்தும்.

என்னைக் கேட்டால் ஐ.பி.க்கு முன்னாலேயே பேசிப் பாருங்கள். இரண்டு கிரெடிட் கார்டும் ஒரு பர்சனல் லோனும் சேர்ந்து 4 லட்சம் என்றால் வங்கியிடம் ஒரே தவணைத் தீர்வு கேட்பதும், லோக் அதாலத்தில் உட்காருவதும் எவ்வளவோ மேல். லோக் அதாலத்தில் முடிந்தால் முடிந்ததுதான், அப்பீல் கிடையாது. எழுத்தில் "பாக்கி இல்லை" கடிதம் வாங்காமல் கடைசித் தவணையைக் கட்டாதீர்கள்.

20. வக்கீலுக்குக் குடுக்கவே காசு இல்லியே, அப்புறம் எப்படி?

ஒவ்வொரு மாவட்டக் கோர்ட்டு வளாகத்திலும் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், வருமான வரம்புக்குள் இருப்பவர்களுக்கு இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். 15100க்குப் போன் செய்தால் வழி சொல்வார்கள். "5,000 கொடு, ஒரே வாரத்தில் மஞ்சள் நோட்டீஸ் வாங்கித் தருகிறேன்" என்று கோர்ட்டு வாசலில் நிற்கிற புரோக்கரிடம் கொடுத்துவிட்டு வந்தவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். கையில் இருப்பது முதல் கேள்வியில் சொன்ன அதே தபால்.

21. டிஸ்சார்ஜ் கேக்காம அப்படியே கெடப்புல போட்டுட்டா, மூணு வருசத்துல புரோநோட்டு காலாவதி ஆகி கடன் தானா செத்துடுமுல்ல?

இதைக் கேட்டவர் கெட்டிக்காரர், ஆனால் சட்டம் எழுதியவர் 1920லேயே இதை யோசித்துவிட்டார். நொடிப்பு உத்தரவு ரத்தானால், அந்த உத்தரவு வந்த நாளிலிருந்து ரத்தான நாள் வரைக்குமான காலத்தைக் காலாவதிக் கணக்கில் சேர்க்கக் கூடாது, ஐ.பி.யில் தன் கடனை நிரூபித்து வைத்தவருக்கு அந்த நாட்கள் திரும்பக் கிடைக்கும். நிரூபிக்காமல் சும்மா இருந்தவருக்கு மட்டும் அந்தச் சலுகை கிடையாது. அதோடு ரத்து செய்யும்போது சொத்தை உங்களிடமே திருப்பித் தர வேண்டும் என்ற கட்டாயமும் கோர்ட்டுக்கு இல்லை, வேறொருவர் பொறுப்பில் வைக்க உத்தரவிடலாம். இந்த யோசனையோடு வந்தவரிடம் இதையெல்லாம் சொன்னதும் டீயைப் பாதியில் வைத்துவிட்டு, டிஸ்சார்ஜ் மனுவுக்கு எத்தனை காப்பி வேண்டும் என்று கேட்டார்.